தட்டுக்கு அடியில் ஒரு நோட்டு

இப்போதெல்லாம் எங்கள் பாஸ்தாக் கடையில் காசைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். செல்போனை நீட்டுகிறார்கள், பெட்டி ‘டிங்’ என்கிறது, ராவியோலிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். விலையைப் பற்றி யாரும் என்னோடு சண்டை போடுவதில்லை. சண்டை போட ஆள் இல்லாத கடை என்ன கடை?

அப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எண்பத்தொன்பதாம் வருஷத்துக் குளிர்காலம் நினைவுக்கு வரும். எங்கள் நாட்டில் ஜூனில்தான் குளிர். அந்த வருஷத்தைச் சபிக்காத ஆள் எங்கள் ஊர் தந்தீலில் கிடையாது. நானும் வாய் வலிக்கச் சபித்தவள்தான். ஆனால் உண்மையைச் சொல்கிறேனே, யாராவது வந்து “மிர்த்தா, அந்த ஜூன் மாசத்துக்கே திரும்பப் போறியா?” என்று கேட்டால் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கிளம்பிவிடுவேன்.

அப்போது கடையில் நாங்கள் மூன்று பேர். மாவு பிசைவது நான். மெஷினும் கொள்முதலும் என் கணவன் அன்செல்மோ. கல்லாவில் அவனுடைய அக்கா ஒஃபேலியா, எனக்கு அண்ணி முறை. கடையில் பாதி அவளுடையது, பேச்சு முழுசும் அவளுடையது. மெஷினுக்குக் குண்டம்மா என்று பெயர் வைத்திருந்தோம். புவெனோஸ் ஐரெஸில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து மூன்று பேரும் சேர்ந்து பழைய விலைக்கு வாங்கியது. பூரணம் வைத்த ராவியோலியும் போடும், தட்டை மாற்றினால் கிழங்கு ஞோக்கியும் போடும். அது ஓடினால் தெருவே அதிரும். அது ஓடாத நாளில் எனக்குத் தலைவலி வரும்.

ஒஃபேலியா அண்ணியைப் பற்றி இன்னொன்று. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஒரு பழுப்பு நிறக் கோட்டைக் கழற்றவே இல்லை. உள்ளே கிழங்கு வேகிற ஆவியில் எங்களுக்கெல்லாம் வியர்த்து ஊற்றும், அவள் மட்டும் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு நிற்பாள்.

“அண்ணி, அந்தக் கோட்டை எப்பத்தான் கழட்டப்போறீங்க?”

“தூரினோவுல போய் இறங்கறப்ப கழட்டறேன். உனக்கென்ன உறுத்துது?”

அவளுடைய ஒரே மகள் சில்வினா வேலை தேடி இத்தாலிக்குப் போய், தூரினோவில் குடும்பமாகிவிட்டாள். அங்கே ஒரு பேத்தி பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. அண்ணி அவளைப் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். விமான டிக்கெட்டுக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். எங்கே சேர்க்கிறாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அந்த ஜூனில் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை, கடை சாத்தும்போது வேறொரு விலை. அப்போது எங்கள் பணத்துக்கு ஆஸ்த்ரல் என்று பெயர்; அந்த நோட்டைக் கையில் வைத்திருந்தால் ஐஸ்கட்டியை வைத்திருப்பது போலத்தான். தெருவில் பாதிக் கடைகளின் கதவில் ‘சரக்குக் கணக்கெடுப்பு, இன்று விடுமுறை’ என்று அட்டை தொங்கியது. விற்றால் நஷ்டம், அதனால் பூட்டு. எதிர்ச்சாரியில் முடிவெட்டும் பேபாகூட அந்த அட்டையை மாட்டியிருந்தாள். “நீ எதைடீ கணக்கெடுக்கறே, வெட்டின முடியையா?” என்று அண்ணி தெருவைத் தாண்டிக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

மாவு மில்லுக்குப் போன் போட்டால் அந்தப் பெண் குழைவாகச் சொல்வாள்: “மாவு நிறைய இருக்குங்க. விலைதான் இல்ல.” நாளைக்கு என்ன விலை என்று தெரியாமல் எப்படி விற்பது என்பது அவர்கள் கேள்வி. எங்களுக்கும் அதே கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை ராவியோலி விற்ற காசுக்கு செவ்வாய்க்கிழமை பாதி மாவுதான் வந்தது. அடுத்த வாரம் அதிலும் பாதி. நாங்கள் கடை நடத்தவில்லை, கடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தோம்.

ஒருநாள் காலை அன்செல்மோ மாவுத் தொட்டிக்குள் கையை விட்டான். மணிக்கட்டு மறைவதற்குள் விரல் அடித்தட்டைத் தட்டியது. கையை எடுத்து மெதுவாக, ரொம்ப மெதுவாக ஏப்ரனில் துடைத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு டாலர் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“குண்டம்மாவைக் கேட்டு மார் தெல் பிளாத்தாலேர்ந்து ஸ்கார்பான்னு ஒருத்தன் வந்திருந்தான். முன்பணம் வாங்கிட்டேன். முப்பதாம் தேதி காலைல லாரியோட வரான்.”

நான் போட்ட கூச்சலில் கூரை பறந்திருக்கும்.

“எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

“கேட்டா விடமாட்டே.”

“விடமாட்டேன்னு தெரிஞ்சுதானே கேக்காம வித்தே!”

“டாலர் மிர்த்தா, டாலர்! நாளைக்கும் டாலராத்தான் இருக்கும். இந்த மெஷின் நாளைக்கு என்னவா இருக்கும்? மாவில்லாம அது வெறும் இரும்பு. யாரு கண்டா, அடுத்த மாசம் இந்த இரும்பைக் கேக்கக்கூட ஆள் வரமாட்டான். பயமா இருக்கு. போதுமா? பயமா இருக்கு.”

அவன் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அண்ணி நோட்டைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். “வேணாம்னு சொல்லிட்டா?”

“தெரியாத மாதிரி கேக்காதக்கா. வாங்கறவன் பின்வாங்கினா முன்பணம் போச்சு. விக்கறவன் பின்வாங்கினா ரெண்டு மடங்காத் திருப்பித் தரணும். இன்னொரு நூறு டாலருக்கு நான் எங்க போவேன்?”

“அது அப்புறம். மொதல்ல ஒண்ணு சொல்லு. எது நடந்தா குண்டம்மாவை விக்கமாட்டே?”

அவன் யோசித்தான். என் கணவன் பயந்தாலும் நேர்மையான ஆள். “ஒரு நாள் வித்துட்டு, அந்த வித்த காசுல மறுநாளைக்கு அதே அளவு மாவும் கிழங்கும் வாங்க முடியணும். ஒரே ஒரு நாள். அது முடிஞ்சா கடை உயிரோட இருக்குன்னு அர்த்தம். முடியலன்னா நாம பிணத்துக்குப் பவுடர் போட்டுக்கிட்டு இருக்கோம்.”

“சரி. இருபத்தொம்பதாம் தேதி பாத்துடுவோம்,” என்றாள் அண்ணி.

இருபத்தொன்பது என்றால் எங்கள் நாட்டில் ஞோக்கி நாள். மாசக் கடைசி, கை காலி, வீட்டில் இருப்பது கிழங்கும் மாவும்தான். அதை வேகவைத்துப் பிசைந்து விரல்நுனி அளவுக்கு வெட்டி, குழம்பு ஊற்றி எல்லா வீட்டிலும் சாப்பிடுவார்கள். தட்டுக்கு அடியில் ஒரு நோட்டை வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். வைத்த காசு பெருகும் என்று நம்பிக்கை. எங்களுக்கு மாசத்திலேயே பெரிய வியாபாரம் அன்றைக்குத்தான். மீதியிருந்த மாவு, மீதியிருந்த கிழங்கு அத்தனையையும் அந்த ஒரு நாள்மேல் கட்டினோம்.

அன்று காலை கடை திறக்கும் முன்பே தெருமுனை வரைக்கும் வரிசை. எனக்கு மனசு குளிர்ந்தது. அண்ணி கரும்பலகையில் விலையை எழுதினாள். என்ன கணக்கு வைத்து எழுதினாள் என்று நான் கேட்கவில்லை, நான் உள்ளே கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் பழைய விலை அழிந்து புது விலை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவும் அழிந்துவிட்டது. வரிசையில் முணுமுணுப்பு கேட்டது.

“அண்ணி, என்ன இது?”

“எதிர்ல பாரு. துல்யோ ரொட்டி விலையை ஏத்திட்டான். அவன் மச்சான் பேங்க்குல வேலை பாக்கறான், அவனுக்கு ஏதோ சேதி வந்திருக்கு. நாம ஏத்தாம இருந்தா ஏமாந்துபோவோம்.”

எதிரே துல்யோவின் ரொட்டிக் கடைக் கண்ணாடியில் புது அட்டை பளிச்சென்று தெரிந்தது. அண்ணி ஏற்றியதும் அங்கே இன்னொரு அட்டை மாறியது. அண்ணி மறுபடி சாக்பீஸை எடுத்தாள். மத்தியானத்துக்குள் ஒரு கிலோ ஞோக்கி, ஆட்டுத் தொடைக் கறி விலைக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. வரிசை பாதியாகக் கரைந்துவிட்டது. போனவர்கள் சும்மா போகவில்லை, எங்கள் முன்னோர்களையும் விசாரித்துவிட்டுத்தான் போனார்கள். அன்செல்மோ மெஷின் பக்கத்தில் கைகட்டி நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் பேபா, கக்கத்தில் ஒரு நீள ரொட்டியோடு உள்ளே வந்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“எதுக்குடீ சிரிக்கறே?” அண்ணி சீறினாள்.

“இப்பத்தான் துல்யோ கடையில நின்னேன். ‘ஒஃபேலியா மறுபடி ஏத்திட்டா, அவளுக்கு மில்லுல ஆள் இருக்கு, ஏதோ தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஏத்தறா’ன்னு சொல்லிக்கிட்டே அட்டையை மாத்தறான்.”

“மில்லுல எனக்கு யாரு இருக்கா? நான் அவனைப் பாத்துல்ல ஏத்தினேன்!”

“அதான் சொல்றேன். நீ அவனைப் பாத்து எழுதறே, அவன் உன்னைப் பாத்து எழுதறான். எங்களை யாரு பாக்கறது?”

கடையே வெடித்துச் சிரித்தது. அண்ணியின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கடைக்காரர்கள் கண்ணாடி வழியாக ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டே ஒரு தெருவைப் பட்டினி போட்டிருக்கிறோம். யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

மாவுக் கையோடு வெளியே வந்தேன். பேபாவின் எதிரே நின்றேன்.

“பேபா, உண்மையைச் சொல்லு. உன் வீட்டுல மாவு இருக்கா?”

“மாவா? மாவுக்கு நான் எங்கடீ போவேன்? போன வாரம் கேக் பண்ணக்கூட ஒரு கைப்பிடி...”

“பேபா.”

அவள் ரொட்டியைக் கக்கம் மாற்றினாள். “ஒரு மூட்டை. கட்டிலுக்கு அடியில.”

“அடிப்பாவி!” என்று பின்னாலிருந்து அவளுடைய நாத்தனார் கத்தினாள். “என்கிட்ட சத்தியம் பண்ணினியே!”

“நீ மட்டும் யோக்கியமா? உன் துணி அலமாரியில துணியா இருக்கு? கிழங்குதானே அடுக்கி வச்சிருக்கே, வாசனை தெருவுக்கு வருது!”

அதற்குப் பிறகு யாரும் யாரையும் விட்டுவைக்கவில்லை. சம்பளம் வந்த அன்றே எல்லோரும் ஓடிப்போய் அதைச் சாமானாக மாற்றிவிடுவார்கள். நோட்டைவிட மாவு மேல், மாவு கரையாது. மில் கதவைச் சாத்தியிருந்தால் என்ன, ஊரின் மாவெல்லாம் கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. வாங்கி வைத்துவிட்டார்களே தவிர, அதை வைத்து என்ன செய்வது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. பகல் முழுக்க வேலை, வீட்டுக்கு வந்து யார் பிசைவது?

அண்ணியின் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கினேன். விலையை என் ஏப்ரனாலேயே துடைத்தேன். எழுதினேன்: ‘இங்கேயும் விலை இல்லை. மாவும் கிழங்கும் கொண்டு வரவும். போட்டுத் தருகிறோம். மூன்றில் ஒரு பங்கு கடைக்கு.’

அன்செல்மோ வந்து படித்தான். “பைத்தியமா உனக்கு? இது கடையா, சாமான் மாத்தற சந்தையா?”

“உனக்கு நாளைக்கு அதே அளவு மாவு வேணும்னுதானே சொன்னே? காசு வேணும்னு சொன்னியா?”

அவன் வாயைத் திறந்தான். அண்ணி விடவில்லை. “தம்பி, வாயை மூடிட்டு மெஷினைப் போடு.”

குண்டம்மா உறுமியது. ஆகா, அந்தச் சத்தம்! கண்ணாடி அதிர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பாதி ஊர் வந்திருக்கும். தள்ளுவண்டியில் மூட்டை வந்தது. குழந்தை வண்டியில், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கிழங்கு வந்தது. தலையணை உறையில் மாவு வந்தது. மாவும் கிழங்கும் இல்லாத ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டே உயிர்க்கோழி ஒன்றைக் கொண்டுவந்தாள். அண்ணி அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டு, “இதுல மூணுல ஒரு பங்கு எப்படிடீ எடுப்பேன்?” என்று கேட்டாள். சாயங்காலம் துல்யோவே தெருவைத் தாண்டி வந்தான். தோளில் ஒரு மாவு மூட்டை.

“எனக்கும் ஞோக்கி போடுங்க. அப்புறம், ஒஃபேலியா...”

“என்ன?”

“நாளைக்கு என்ன விலை எழுதப் போறே? முன்கூட்டிச் சொல்லிடு, தாயே.”

அன்றைக்கு நான் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை. இடுப்பு ஒடிந்துவிட்டது, உள்ளங்கை வெந்துவிட்டது. ஆனாலும் நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாத ஊர் முழுக்க எங்கள் கடையில் நின்று ஒருத்தரையொருத்தர் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தது. இப்போது எனக்கு எல்லாம் தெரிகிறது. நாளை விலை தெரிகிறது, மழை வருமா என்றுகூட போன் சொல்கிறது. அந்தச் சிரிப்பு மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை.

கடைசி ஆள் போனதும் கதவைச் சாத்தினோம். அன்செல்மோ மாவுத் தொட்டிப் பக்கம் போனான். கையை விட்டான். மணிக்கட்டு மறைந்தது, முழங்கையும் மறைந்தது. விரல் எதையும் தட்டவில்லை. அப்படியே குனிந்தபடி நின்றான். அழுகிறானோ என்று பயந்துபோனேன்.

“நேத்திக்கு இருந்ததைவிட அதிகம்,” என்றான். பிறகு சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். “ஆனா இதை என்ன பண்றது? விடிஞ்சா லாரி வந்துடும். ரெண்டு மடங்கு குடுக்க வழியில்ல. மாவு இருக்கும், மெஷின் இருக்காது. ஜெயிச்சுட்டுத் தோத்துட்டோம் மிர்த்தா.”

அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. என்னிடம் இருந்தது ஒரு கல்யாண மோதிரம். அதைக் கழற்றப் போனேன், மாவில் வீங்கிய விரலிலிருந்து அது நகரவே இல்லை. ஸ்கார்பா தங்கம் வாங்கமாட்டான், டாலர்தான் கேட்பான் என்று அன்செல்மோவே என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“சாப்பிட்டுட்டு அழுங்க,” என்றாள் அண்ணி. “ஊருக்கெல்லாம் போட்டோம், நாம இன்னும் ஒரு வாய் சாப்பிடல.”

உள்ளே பிசைகிற மேஜையிலேயே மூன்று தட்டு வைத்தோம். இருபத்தொன்பது ஆயிற்றே, தட்டுக்கு அடியில் ஏதாவது வைக்க வேண்டும். என் தட்டுக்கு அடியில் ஒரு ஆஸ்த்ரல் நோட்டை வைத்தேன், அது தட்டு ஆடாமல் இருக்கத்தான் உதவும். அன்செல்மோ கசப்பாகச் சிரித்துவிட்டு, ஸ்கார்பாவின் நூறு டாலரைத் தன் தட்டுக்கு அடியில் தள்ளினான். “பெருகுதா பாப்போம்,” என்றான். கை கழுவக் குழாயடிக்குப் போனான். நான் அடுப்பில் குழம்பைக் கிண்டித் திரும்பினேன்.

திரும்பியபோது அண்ணி கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டிருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய தோள்களை முதன்முதலாகப் பார்த்தேன், எவ்வளவு ஒல்லியாகிவிட்டாள் என்று நினைத்தேன். கோட்டின் கீழ் விளிம்பில் தையல் பிரிந்து நூல் தொங்கியது. நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

அன்செல்மோ வந்து உட்கார்ந்தான். ஞோக்கியைப் போட்டுக்கொள்ளத் தட்டை இழுத்தான். அடியில் ஒரு நோட்டு அல்ல, இரண்டு நோட்டு இருந்தது. இரண்டாவது நூறு டாலர் நோட்டு எட்டாக மடிந்து மடிந்து வரி விழுந்திருந்தது.

அவன் அதைப் பார்த்தான். நாற்காலியில் கிடந்த கோட்டைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

“அக்கா... இது தூரினோவுக்கு வச்சிருந்தது.”

“பெருகும்னு சொல்லுவாங்க, பெருகிடுச்சு. சாப்பிடு, ஆறிடும்.”

மறுநாள் ஸ்கார்பா லாரியோடு வந்தான், இரண்டு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தான், எங்களைத் திட்டிவிட்டுக் காலி லாரியோடு போனான். மாவுக்கு மாவு என்று வசந்தம் வரைக்கும் ஓட்டினோம். அண்ணிக்கு அந்தப் பணத்தைத் திருப்பிச் சேர்த்துக் கொடுக்க எங்களுக்குச் சில வருஷம் ஆனது. கொடுத்தோம், டிக்கெட்டும் நாங்களே எடுத்தோம், விமானம் ஏற அவள் புவெனோஸ் ஐரெஸுக்குக் கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரும் அசிங்கமாக அழுதோம். பேத்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். இருபத்தொன்பதாம் தேதி தவறாமல் போன் பண்ணுவாள். “இங்க ஹோட்டல்ல தட்டுக்கு அடியில காசு வச்சா, மறந்துட்டீங்கன்னு எடுத்துக் குடுக்கறானுங்க, மடப்பசங்க!” என்று அங்கிருந்து கத்துவாள். அந்தப் போன் நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறது. அன்செல்மோ போன பிறகு குண்டம்மாவை என் மகன்தான் ஓட்டுகிறான். தெரு இன்னும் அதிர்கிறது.

இருபத்தொன்பது வந்தால் நானும் தட்டுக்கு அடியில் ஒரு நோட்டு வைக்கிறேன். குழம்பு எடுக்க வேண்டுமென்றே அடுப்புப் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் நிற்கிறேன். வந்து தட்டைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றுதான் இருக்கிறது.